டர்ன்டேபிள் வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுத் தரையைத் தட்டிப் பாருங்க

1/
டர்ன்டேபிள் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? சந்தோஷம். எந்த மாடல், எந்த கம்பெனின்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அதை வீட்டில் எங்க வைக்கப் போறீங்க?

"ஹால்ல டிவி ஸ்டாண்டு மேல" என்பதுதான் பத்துக்கு எட்டுப் பேர் சொல்ற பதில். அங்கதான் பிரச்சினையே ஆரம்பிக்குது. கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
நான் ஆடியோ இன்ஜினியர் இல்லை. கடலூர்ல பிராக்டிஸ் பண்ற பொது மருத்துவர். சர்க்கரை, பிரஷர் பத்தியே எழுதிக்கிட்டு இருக்கிற ஆள் இதை ஏன் எழுதணும்?

ரெண்டு காரணம். கடலூர், சிதம்பரம் பக்கம் என்கிட்ட வர்ற பெரியவர்கள் பல பேர் வீட்டில் பழைய ரெக்கார்டு இருக்கு. பிள்ளைகள் ஆசையா பிளேயர் வாங்கிக் கொடுக்கிறாங்க. ஆறே மாசத்துல ஒண்ணு பிளேயர் பரணுக்குப் போகுது, இல்லைன்னா ரெக்கார்டு பழைய பேப்பர் கடைக்குப் போகுது. ரெண்டுமே தடுக்கக்கூடியது.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

டர்ன்டேபிளுக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு பங்கை அதை வைக்கப்போற இடத்துக்குச் செலவு பண்ணுங்க. நல்ல சுவர்ல மாட்டின பலகை மேல இருக்கிற சுமாரான பிளேயர், ஆடுற தரை மேல இருக்கிற விலை உயர்ந்த பிளேயரை விட நல்லாப் பாடும்.

ஏன்னு பார்ப்போம்.

4/
டர்ன்டேபிள்னா என்ன? பாட்டுப் பாடுற பெட்டின்னு நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு அதிர்வுமானி.

எல்.பி. ரெக்கார்டில் இருக்கிற பள்ளம் தலைமுடியை விட மெல்லியது. அந்தப் பள்ளத்தின் சுவர் நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. ஊசி அந்த நெளிவைத் தொட்டு அசையுது. அந்த அசைவு மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகுது.

மெல்லிசா பாடுற இடத்துல ஊசி அசையுற தூரம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. நம்ம ரத்தச் சிவப்பணு ஒண்ணோட அகலம் 7 முதல் 8 மைக்ரான். அதை விடச் சின்ன அசைவைத்தான் நீங்க பாட்டா கேக்குறீங்க.

5/
இப்போ பாருங்க. ஊசிக்கு எது பாட்டு, எது காலடிச் சத்தம்னு தெரியாது. பள்ளம் அசைஞ்சாலும் அசைவுதான், தரை அசைஞ்சு மொத்தப் பெட்டியும் அசைஞ்சாலும் அசைவுதான்.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது "அசையாம படுங்க, பேசாதீங்க"ன்னு ஏன் சொல்றோம்? இதயத்தோட மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கிற மாதிரி அந்த மெஷினுக்குத் தெரியாது. கை நடுங்கினா அதையும் கோடாப் போடும். மூச்சு ஆழமா விட்டா கோடே மேலயும் கீழயும் போகும். டர்ன்டேபிளும் அப்படித்தான்.

6/
இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பாஸ் ஒலிக்குப் பள்ளம் அகலமா நெளியணும். அப்படியே விட்டா ஒரு ரெக்கார்டில் பாதிப் பாட்டுதான் அடங்கும். அதனால ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைச்சு வெட்டுவாங்க. வீட்டில் போடும்போது ஃபோனோ பிரீஆம்ப் அதைத் திரும்ப ஏத்திக் கொடுக்கும். ஆர்.ஐ.ஏ.ஏ. என்கிற இந்த முறை 1954லிருந்து நடைமுறையில் இருக்கு.

நடு ஸ்தாயி ஒலியோட ஒப்பிட்டா, 20 ஹெர்ட்ஸ்ல அது ஒன்பது மடங்குக்கு மேல ஏத்துது. தரையிலிருந்து வர்ற அதிர்வு முக்கால்வாசி எங்க இருக்கு? அதே அடி ஸ்தாயியில்தான். அதாவது உங்க காலடிச் சத்தத்துக்கு உங்க ஆம்பே மைக் பிடிக்குது.

7/
அடுத்து, கையும் ஊசியும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. நல்ல ஜோடியா இருந்தா அது 8லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும். ஊஞ்சலை அதோட தாளத்துல தள்ளினா சின்ன விசையிலேயே உயரமா போகும் இல்லையா? அதே கதைதான். தரையிலிருந்து அந்த அதிர்வெண்ல ஒரு உதை வந்தா ஊசி ஆடும். கொஞ்சம் பெரிய உதையா இருந்தா பள்ளத்தை விட்டுக் குதிக்கும்.

மனுஷன் நடக்கிறது நொடிக்கு ரெண்டு அடி. ஆனா ஒவ்வொரு அடியும் ஒரு தட்டு. தட்டினா தரை தன்னோட சொந்த அதிர்வெண்ல ஆடும். மாடித் தளங்கள் பல, இந்த 8–12 பக்கத்துலயே ஆடக்கூடியவை.

8/
சரி, நம்ம ஊர் வீடுகளுக்கு வருவோம்.

கீழ்த்தளம், ரெட் ஆக்சைடு தரையோ டைல்ஸோ, நேரா மண் மேல போட்டது: பெரும்பாலும் பயமே இல்லை.

கான்கிரீட் மாடி: பரவாயில்லை. அறையின் நடுவில் ஆடும், சுவர் ஓரம் ஆடாது.

மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டை மேல செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பு வெச்சுக் கட்டின பழைய மாடி: இங்கதான் ஆபத்து. சிதம்பரம் தேர் வீதிகளைச் சுத்தியும், கடலூர் ஓல்டு டவுன், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் இப்படிப்பட்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கு. பலகை போட்ட மச்சு இன்னும் மோசம்.

9/
ஒரு உதாரணம். சிதம்பரத்தில் தேர் வீதிக்குப் பின்னாடி ஒரு பழைய வீடு. பெரியவருக்கு 78 வயசு. பக்கவாதம் வந்து தேறி, வாக்கர் பிடிச்சு நடக்கிறார். மாடியில அவர் அறை. மகன் நல்ல பிளேயராத்தான் வாங்கிக் கொடுத்திருக்கார்.

அப்பாகிட்ட ஒரு கட்டு எல்.பி., ஒரு கட்டு 78. தண்டபாணி தேசிகர், சி.எஸ். ஜெயராமன், சீர்காழி, டி.என். ராஜரத்தினம் பிள்ளை. போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசி குதிக்குது. வாங்கின கடையில் கேட்டா, "தட்டு எல்லாம் தேஞ்சு போச்சு சார், புதுசு வாங்குங்க"ன்னு பதில்.

அந்தக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகத் தயாரா வாசல்ல இருந்தது.

10/
நான் பெரியவரோட பிரஷர் பார்க்கப் போனவன். மகன் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, ஒரு பாட்டு குதிக்குதுன்னா, திரும்பப் போட்டாலும் அதே இடத்துலதான் குதிக்குதா? இல்லை வேற வேற இடமா?"

"வேற வேற இடம் சார்."

அப்போ ரெக்கார்டு மேல தப்பில்லை. கீறலோ அழுக்கோ இருந்தா அதே இடத்துலதான் குதிக்கும். யாரோ நடக்கும்போது குதிச்சா அது தரை. அப்பா வாக்கரை ஊன்றும்போதும், பேரன் ஓடும்போதும்தான் குதிச்சிருக்கு.

கீழ இறக்கி, சுவர்ல பதிச்ச கடப்பா கல் அலமாரியில வெச்சாங்க. நின்னு போச்சு. செலவு சுத்தமா இல்லை.

11/
இதைப் பெருமைக்குச் சொல்லலை. என் பயம் வேற. இதே மாதிரி எத்தனை வீட்டில் தரை செஞ்ச தப்புக்கு ரெக்கார்டு தண்டனை வாங்கியிருக்கும்?

புது எல்.பி. கெட்டா வேற வாங்கலாம். 78 அப்படி இல்லை. தேசிகர் 'நந்தனார்' நடிச்சது 1942. சிதம்பரம் ஜெயராமன் 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடினது 1952. அந்தக் காலத்துத் தட்டு உடைஞ்சா உடைஞ்சதுதான். யூடியூப்ல பாட்டு கிடைக்கும்னு சொல்வீங்க. எல்லாப் பாட்டும் கிடைக்காது. உங்க தாத்தா வாங்கின அந்தத் தட்டும் கிடைக்காது.

12/
இன்னொண்ணு. மேல்நாடுகள்ல 78 முடிஞ்சு போன பிறகும் இந்தியாவில் அது ஓடிச்சு. பீட்டில்ஸ் பாட்டே இங்க 1960களில் 78 தட்டா வந்திருக்கு. அதனால நம்ம வீடுகளில் 78 கிடைக்கிற வாய்ப்பு அதிகம். பரணில் ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சா ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வைக்காதீங்க, நேரா நிறுத்தி வைங்க.

13/
இப்போ டயக்னோசிஸ். எதைச் சரி பண்றதுன்னு தெரியாம பணம் செலவு பண்ணாதீங்க. அறிகுறியைப் பாருங்க:

• நடந்தா குதிக்குது, வேற வேற இடத்தில்: தரை.
• ஒரே இடத்தில் குதிக்குது: ரெக்கார்டில் கீறல் அல்லது அழுக்கு.
• ஊசியைத் தூக்கினாலும் "ம்ம்ம்"னு சத்தம்: எர்த் வயர், 50 ஹெர்ட்ஸ் கரண்டு. அதிர்வு இல்லை.
• ஊசி வெச்சு, தட்டு சுத்தும்போது மட்டும் அடியில் உறுமல்: மோட்டார் அல்லது பேரிங்.
• வால்யூம் ஏத்த ஏத்த "ஊஊஊ"ன்னு ஊளை: ஸ்பீக்கர் ஒலி திரும்ப ஊசிக்கு வருது. கச்சேரி மைக்கில் வருமே, அதே.
• சத்தமே இல்லாம வுஃபர் உள்ளயும் வெளியயும் போகுது: ரெக்கார்டு வளைஞ்சிருக்கு, அல்லது கையும் ஊசியும் பொருந்தலை.

14/
உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை. செலவு பூஜ்யம்.

தட்டைச் சுத்த விடாம நிறுத்துங்க. ஒரு பழைய ரெக்கார்டு மேல ஊசியை இறக்குங்க. வால்யூம் வழக்கமா கேக்குற அளவு. இப்போ பிளேயர் இருக்கிற பலகையை விரல் முட்டியால் லேசாத் தட்டுங்க. ஸ்பீக்கரில் "டப்"னு கேக்கும். அடுத்து தரையில் நடங்க. பிறகு ஒருத்தரை மிக்ஸி போடச் சொல்லுங்க. மோட்டார் போடச் சொல்லுங்க. கதவைச் சாத்தச் சொல்லுங்க.

எதுக்கு ஸ்பீக்கர் பதில் சொல்லுதோ அதுதான் உங்க நோய்.

15/
தட்டிக் கண்டுபிடிக்கிறது எங்க தொழில்ல பழைய வித்தை. நெஞ்சில் விரலை வெச்சுத் தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதை 1761ல எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஆவன்புருக்கர். அவங்க அப்பா சத்திரம் நடத்தினவர். பீப்பாயில் மது எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பார்க்கிறதைச் சின்ன வயசுல பார்த்தவர். பீப்பாய்க்கு வேலை செய்யுறது நெஞ்சுக்கும் செய்யும், ரெக்கார்டு பிளேயர் ஸ்டாண்டுக்கும் செய்யும்.

இன்னும் நுணுக்கமா வேணும்னா ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு. போனைப் பலகை மேல வெச்சு நடந்து பாருங்க. அதிர்வு கோடாத் தெரியும்.

16/
சிகிச்சைக்கு வருவோம். படிப்படியா போங்க. முதல் படியிலேயே பல பேருக்குச் சரியாயிடும்.

முதல் படி: இடத்தை மாத்துங்க.
மாடியிலிருந்து கீழே. அறை நடுவிலிருந்து மூலைக்கு. நடக்கிற வழியிலிருந்து தள்ளி. ஸ்பீக்கர் இருக்கிற பலகையிலிருந்து வேற பலகைக்கு. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கவே கூடாது. இந்த ஒரு விதியை மீறினா மத்த எதுவும் உதவாது.

17/
இரண்டாம் படி: சுவர்.

தரை ஆடும். கனமான சுவர் அந்த அளவுக்கு ஆடாது. பழைய மாடி வீட்டுக்கு இதுதான் மருந்து. 9 இன்ச் சுவரில் எல் ஆங்கிள் அடிச்சு ஒரு பலகை. இல்லைன்னா ஏற்கெனவே பதிச்சிருக்கிற கடப்பா கல் தட்டு. நம்ம வீடுகளில் இருக்கிற அந்தக் கருப்புக் கல் அலமாரியை வெளிநாட்டு ஆடியோ ரசிகர் பார்த்தா பொறாமைப்படுவார்.

கவனிக்க: நாலரை இன்ச் தடுப்புச் சுவர் வேணாம். மோட்டார் பைப், அடிக்கடி சாத்துற கதவு, கிரைண்டர் மேடை இருக்கிற சுவர் வேணாம். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்காம வரலாம். யூடியூப் பார்த்து நீங்களே துளை போடாதீங்க, கொத்தனாரைக் கூப்பிடுங்க.

18/
கடலூர்க்காரங்களுக்குச் சுவர்ப் பலகையில் இன்னொரு லாபம். 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம் பார்த்த ஊர் நம்மது. பிளேயரும் ரெக்கார்டும் தரையிலிருந்து மூணு அடியாவது மேல இருக்கட்டும். பெரியவங்களும் குனியாம போட்டுக்கலாம். இடுப்பு உயரம்தான் சரியான உயரம்.

19/
மூன்றாம் படி: ஸ்பிரிங்.

இங்கதான் கடைக்காரங்க நிறைய விக்கிறாங்க. நீங்க ஒரே ஒரு கணக்கு தெரிஞ்சுக்கோங்க.

பிளேயரை ஸ்பிரிங் மேல வெச்சா எவ்வளவு அமுங்குது?
1 மில்லிமீட்டர் அமுங்கினா அதோட அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ்.
2 மில்லிமீட்டர்: 11.
4 மில்லிமீட்டர்: 8.
1 சென்டிமீட்டர்: 5.
இரண்டரை சென்டிமீட்டர்: 3.

ஒரு ஸ்பிரிங் அதோட அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல இருக்கிற அதிர்வைத்தான் தடுக்கும். அதுக்குக் கீழே தடுக்காது. சொந்த அதிர்வெண்ல வந்தா இன்னும் பெருசாக்கும்.

20/
இப்போ பட்டியலைத் திரும்பப் பாருங்க. மெல்லிசான ரப்பர் துண்டு 2 மில்லிமீட்டர் அமுங்குதுன்னு வைங்க. 11 ஹெர்ட்ஸ். கையும் ஊசியும் ஆடுற 8–12க்கு நடுவுலயே வந்து உட்காருது! நிஜத்துல ரப்பர் அசையும்போது இன்னும் விறைப்பா இருக்கும். அதனால கணக்கை விட மேலதான் போகும். பிரச்சினை தீராது, சில சமயம் கூடும்.

ஆகவே நாலு ரப்பர் குமிழுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, "என் பிளேயர் எடைக்கு இது எவ்வளவு அமுங்கும்?"னு கேளுங்க. பதில் தெரியாத கடையில் வாங்காதீங்க. கூர்மையான ஸ்பைக் எதையும் தடுக்காது, தரையோட இறுக்கமா இணைக்கத்தான் செய்யும்.

21/
காசு குறைவா செய்ய ஒரு வழி: குழந்தைங்க சைக்கிள் டியூப். சின்ன சைஸ் வாங்கி, காத்தைக் குறைவா அடைச்சு, மேல ஒரு தடிமனான பலகை, அதுக்கு மேல பிளேயர். கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டத்தால் நாலு பக்கமும் மட்டம் பாருங்க. வாரம் ஒரு தடவை காத்து பாருங்க.

கிச்சன் வேலையில் மிச்சமான கிரானைட் துண்டு இருந்தா பலகைக்குப் பதில் அதைப் போடலாம். 2 அடிக்கு ஒன்றரை அடி, 18 மில்லிமீட்டர் கல் சுமார் 13 கிலோ வரும். எடை கூடினா அமுக்கம் கூடும், அதிர்வெண் இறங்கும். ஆனா கல் மட்டும் தனியா ஆடுற தரை மேல வெச்சா, கல்லும் சேர்ந்துதான் ஆடும்.

22/
முக்கியமான எச்சரிக்கை. ஸ்பிரிங் எல்லாருக்கும் இல்லை.

கீழ்த்தளம், கெட்டியான தரை, ஸ்பீக்கர்லேருந்து வர்ற அதிர்வுதான் தொந்தரவு: ஸ்பிரிங் அருமை.
ஆடுற மர மாடி: ஸ்பிரிங் மேல வெச்சா, நடக்கும்போது மொத்தப் பிளேயரும் தொட்டில் மாதிரி ஆடும். நடையும் 2 ஹெர்ட்ஸ், ஸ்பிரிங்கும் 3 ஹெர்ட்ஸ், ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அங்க சுவர்தான் வழி.

ஒரே மருந்தை எல்லா நோயாளிக்கும் எழுத முடியாது இல்லையா.

23/
ஸ்பிரிங் மேல மிதக்க விடுற யோசனையைப் பரவலா கொண்டு போன பிளேயர்களில் ஒண்ணு, 1961ல அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் கொண்டு வந்த ஏ.ஆர். டர்ன்டேபிள். தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் சேர்த்து, அந்தச் சட்டத்தை மூணு ஸ்பிரிங்ல தொங்கவிட்டார். பெட்டியைச் சுத்தியலால் தட்டினாலும் பாட்டு குதிக்காதுன்னு காட்டினாங்க.

அதே மனுஷன் பிறகு காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். ஒலியைப் பல பட்டைகளாப் பிரிச்சு, தனித்தனியா சுருக்கிக் கொடுக்கிற முறையில் அவரோட பங்கு பெரியது. இன்னிக்கு உங்க அம்மா போட்டிருக்கிற ஹியரிங் எய்டிலும் அந்த யோசனை இருக்கு.

24/
இப்போ பிளேயர் தேர்வு. நாலு கேள்வி போதும்.

கேள்வி 1: உங்ககிட்ட என்ன ரெக்கார்டு இருக்கு?
33, 45 மட்டும்னா எந்தப் பிளேயரும் சரி. 78 இருந்தா மூணு வேகமும் ஓடுற பிளேயர் வேணும். ஆடியோ டெக்னிகாவின் எல்பி120 மாதிரி சிலதுல அது உண்டு. கூடவே 78க்குத் தனி ஊசி. அந்தப் பள்ளம் எல்.பி. பள்ளத்தை விட ரொம்ப அகலம். எல்.பி. ஊசியைப் போட்டா அடியில் இருக்கிற தூசியில் உரசிக்கிட்டுப் போகும். 78 ஊசியை எல்.பி. மேல போட்டா எல்.பி. காலி.

25/
கேள்வி 2: ஊசி எவ்வளவு அழுத்துது?
நல்ல காந்த கார்ட்ரிட்ஜ் 2 கிராம் அளவுக்கு அழுத்தும். அரை டீஸ்பூன் சர்க்கரை எடை. கை பின்னாடி எடை மாத்துற திருகு இருக்கணும். ஊசியைத் தனியா மாத்த முடியணும்.

சூட்கேஸ் மாதிரி அழகா வருதே, ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்குமே, அதுல பலது ஏறக்குறைய 5 கிராம் அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதோட ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள்ள. இவ்வளவு நேரம் பேசின அதிர்வு நோயைப் பிறவியிலேயே வாங்கிக்கிட்டு வர்ற குழந்தை. ஷோகேஸுக்கு வாங்குங்க. தாத்தாவோட தட்டை அதுல போடாதீங்க.

26/
கேள்வி 3: பழசா, புதுசா?
ஜப்பான் பழைய பிளேயர்கள் நல்ல தரம். ஆனா அங்க 100 வோல்ட். நேரா நம்ம பிளக்ல போட்டா புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

அதோட, ஜப்பான்ல பாதி நாடு 60 ஹெர்ட்ஸ். 60க்குன்னு செஞ்ச ஏ.சி. மோட்டார் பெல்ட் பிளேயர் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும். சுருதி சுமார் ஒன்றரைக் கட்டை இறங்கிடும். சீர்காழி பாடினா வேற யாரோ பாடுற மாதிரி இருக்கும்! டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மாதிரி டைரக்ட் டிரைவ்ல இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. 1979ல வந்த அதோட இரண்டாம் மார்க், டிஸ்கோவில் ஸ்பீக்கர் பக்கத்துலயே ஓடணும்னு கனமான அடித்தளத்தோட செஞ்சது.

27/
கேள்வி 4: யார் போடப் போறாங்க? இதை யாரும் கேக்கிறதே இல்லை. ஒரு மருத்துவரா நான் முதல்ல கேக்குறது இதைத்தான்.

பார்க்கின்சன் நடுக்கம், பக்கவாதம், கண்புரை, மூட்டுவலி இருக்கிற பெரியவர் கையால் ஊசியை இறக்கினா ஊசியும் போகும், ரெக்கார்டும் போகும். அவங்களுக்குப் பட்டன் அழுத்தினா தானே போய் இறங்கி, முடிஞ்சதும் தானே திரும்பி வர்ற ஆட்டோமேட்டிக் பிளேயர் வாங்குங்க. ஆடியோ ரசிகர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். 75 வயசுக்காரர் யாரையும் கூப்பிடாம தானே பாட்டுப் போட்டுக்கிறது, நுணுக்கமான ஒலியை விடப் பெரிய விஷயம்.

28/
வயசானா மேல் ஸ்தாயி கேக்கும் திறன் குறையும். இது இயற்கை. அப்பாவுக்காக வாங்கும்போது "மேல் ஸ்தாயி எவ்வளவு தெளிவு பாருங்க"ன்னு காட்டி விக்கிற விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு அவசியம் இல்லை. அந்தக் காசில் சுவர்ப் பலகை அடிங்க, முடிஞ்சா அவர் காதையும் ஒரு தடவை பரிசோதிச்சுடுங்க.

வால்யூம்: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா சத்தம் அதிகம்னு அர்த்தம்.

29/
சுத்தம் பத்தி ஒண்ணு. இது மருத்துவர், நர்ஸ், மெடிக்கல் ஷாப் வீடுகளுக்குக் குறிப்பா!

78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீங்க. அந்தத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு தடவை துடைச்சா பாட்டும் சேர்ந்து வந்துடும். சுத்தமான தண்ணி, ரெண்டு சொட்டு மென்மையான சோப்பு, மெல்லிய துணி, நடுவில் இருக்கிற காகித லேபிள் நனையாம. நிழலில் காய வைங்க. வெயிலில் காய வைக்காதீங்க, சித்திரை வெயிலில் நின்ன காருக்குள்ளயும் விடாதீங்க. வளைஞ்சிடும்.

கடல்காத்துக்குப் பூஞ்சை வரும். பூஞ்சை பிடிச்ச கட்டைப் பிரிக்கும்போது மாஸ்க் போட்டுக்கோங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க அந்த வேலையை வேற ஆள்கிட்ட விடுங்க.

30/
"இவ்வளவு தொல்லைக்கு போன்ல கேட்டுட்டுப் போகலாமே டாக்டர்?"

தாராளமா கேளுங்க. பாட்டு கேக்க போன் போதும். நான் சொல்றது வீட்டில் ஏற்கெனவே ரெக்கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கு. பெரியவர்களுக்கு டச் ஸ்கிரீன் கஷ்டம். ஆனா உறையிலிருந்து தட்டை எடுக்கிறது, ஓரத்தைப் பிடிச்சு வைக்கிறது, பக்கம் திருப்புறது, இது அவங்க கைக்கு மறக்காது. இது நோயைக் குணமாக்கும்னு நான் சொல்லலை. அன்னிக்குச் சாயங்காலத்தை நல்லா ஆக்கும். அது போதாதா?

31/
சுருக்கமா:

✅ முதல்ல இடம், பிறகு பிளேயர்.
✅ கீழ்த்தளம் இருந்தா கீழ்த்தளம். மர மாடின்னா சுவர்ப் பலகை.
✅ ஸ்பீக்கர் வேற பலகை.
✅ ஸ்பிரிங்னா 1 சென்டிமீட்டராவது அமுங்கணும்.
✅ 78க்குத் தனி ஊசி.
✅ நடுங்குற கைக்கு ஆட்டோமேட்டிக்.
❌ 78ல ஸ்பிரிட் வேணாம்.
❌ தாத்தா தட்டுக்கு சூட்கேஸ் பிளேயர் வேணாம்.

32/
கடைசியா ஒரு வேண்டுகோள். "ரெக்கார்டு எல்லாம் கெட்டுப் போச்சு"ன்னு எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் பொறுங்க. தரைத்தளத்தில், கல் அலமாரியில், யாரும் நடக்காத நேரத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்பவும் ஒரே இடத்தில் குதிச்சா, கழுவிப் பாருங்க. அதுக்கு மேலயும் வேணாம்னு தோணினா, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழைய தமிழ் ஆவணங்களைப் பாதுகாக்கிற இடங்களில் விசாரிங்க. எடைக்கு மட்டும் போடாதீங்க.

வீட்டில் பழைய ரெக்கார்டு வெச்சிருக்கிற யாருக்காவது இந்த இழையை அனுப்பி வைங்க. உங்க வீட்டுத் தரை எப்படி, பிளேயர் எங்க இருக்குன்னு கமெண்ட்ல எழுதுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.

பொது மருத்துவர், கடலூர்